தாய்மாமன்கள் துரத்திய ஜோடி

மாட்டுச் சந்தையில் இருபது வருசம் தரகு பார்த்த எல்லப்பன் சினிமா எடுக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது சந்தையே சிரித்தது. சிரித்த வாயையெல்லாம் மூட வைக்கிறேன் என்று வீம்புக்கு நின்றவர், இரண்டு வருசத்தில் ஒற்றை ஆளாகப் படத்தை முக்காலே மூணு வீசம் முடித்தும் விட்டார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகும் இளம் ஜோடியின் கதை. பயங்கர திரில்லர். பாக்கி ஒரே ஒரு காட்சிதான். அரிவாளோடு துரத்தும் தாய்மாமன்களிடமிருந்து தப்பி, ஜோடி ஏரிக்கரையில் நிற்கும் மினி பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.

அதையும் அன்று பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கதாநாயகன் கோகுலுக்கு மறுநாள் பழனியில் மொட்டை. அவன் அம்மாவின் வேண்டுதல். முதல் பாதியில் சுருட்டை முடியோடு காதலித்தவன் மொட்டைத் தலையோடு ஓடினால், பார்க்கிறவன் அந்தப் பெண்ணுக்கு இரண்டு காதலன் என்று நினைத்துவிட மாட்டானா?

"சென்னையில இருந்து ஃபைட்டர்ஸ் கூட்டிட்டு வரலாம்ணே" என்றான் கேமராக்காரன் ஜான்சன்.

"ஓடறதுக்கு எதுக்குடா சென்னை ஆளு? அவனுக்கென்ன மூணு காலா?" என்று எகிறிய எல்லப்பன், பக்கத்து ஊரில் மூன்று அண்ணன் தம்பிகளைப் பேசி முடித்தார். பெரியண்ணன், செங்கோடன், அத்தப்பன். கூலி, ஆளுக்கு ஒரு பிரியாணி. மினி பஸ் ஓட்ட அவர்களுடைய சித்தப்பா மகனே வந்தான். அவனுக்கு அரை பிரியாணி. இவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறார்கள் என்று ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுசன், மனுசனை வாங்கும்போது பார்க்கவில்லை.

"ஆக்‌ஷன்! துரத்துங்கய்யா!"

கோகுலும் கதாநாயகி தமயந்தியும் ஓடினார்கள். பத்தாவது எட்டில் பெரியண்ணன் கோகுலைக் கன்றுக்குட்டி மாதிரி இடுப்போடு அமுக்கி மண்ணில் சாய்த்தார். "புடிச்சாச்சுங்க!" என்று மூவரும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய்யா புடிச்சீங்க?"

"தொரத்தச் சொன்னீங்க. கைக்குச் சிக்கினத விட்டுட்டா தொரத்துவாங்க?"

எல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். "புடிக்கக் கூடாது. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல எப்பவும் இருபது அடி இருக்கோணும். ஒரு அடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. இருபது அடிக் கயிறு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, ஒரு முனையைக் கோகுல் இடுப்பிலும் மறு முனையைப் பெரியண்ணன் இடுப்பிலும் கட்டினார்கள். பாதித் தூரத்தில் கோகுல் மூச்சு வாங்கி நின்றான். துரத்தியவர்களும் நின்றார்கள். "மெதுவா வாங்க தம்பி, நாங்க இருக்கறோம்" என்றான் அத்தப்பன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லப்பன் கயிற்றை அவிழ்த்து வீசிவிட்டு, துண்டை உதறித் தோளில் அடித்தார். "அடேய், முகத்துல கோபம் வேணும்டா! நீங்க அந்தப் புள்ளைக்குத் தாய்மாமனுங்க. அவன் உங்க மருமகள இழுத்துட்டு ஓடறான்!"

மூவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நமக்கு அக்கா தங்கச்சி யாருமில்லயே, மருமக எப்படி?" என்றான் செங்கோடன்.

"படிச்சவங்க சொல்றாங்க. இருக்கும்" என்றார் பெரியண்ணன்.

"அப்படின்னா அரிவாளோட போறது முறையில்ல. தாய்மாமன் சீரோடதான் போகோணும்."

"முதல்ல பையன விசாரிக்கோணும். தம்பி, என்ன வேலை?"

"செல்போன் கடைங்க" என்றான் கோகுல், பாவம்.

"குடி கிடி?"

"இல்லீங்க."

மூவரும் தலைகளைச் சேர்த்து வெகுநேரம் பேசினார்கள். பிறகு பெரியண்ணன் எழுந்து நின்று சொன்னார்: "பையன் பரவால்ல. எங்களுக்குச் சம்மதம்."

அடுத்த முறை கேமரா ஓடியபோது, ஜோடி உயிர்ப் பயத்தோடு ஓட, பின்னால் மூன்று மாமன்கள் எங்கிருந்தோ பிடித்த தேங்காய், பழம், சேலைத் தட்டோடு ஓடிவந்தார்கள். "நில்லு கண்ணு! சேலைய வாங்கிட்டு ஓடு!"

தமயந்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லப்பனுக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனாலும் தரகர் அல்லவா? கோபத்தை விழுங்கிவிட்டுப் பெரியண்ணன் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடினார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். விரலைத் தொட்டே பேரம் முடியும், பக்கத்து ஆளுக்குத் தெரியாது. ஒரு விரலைப் பிடித்து, "தட்டைக் கீழ வச்சுருங்க" என்றார். இரண்டாவதைப் பிடித்து, "அரிவாள எடுங்க." மூன்றாவதைப் பிடித்து, "கல்யாணத்த நான் முன்ன நின்னு நடத்தறேன்." பெரியண்ணன் துண்டுக்குள் யோசித்துத் தலையாட்டினார்.

கடைசி வெளிச்சம். பஸ்காரனிடம் எல்லப்பனே போய்ச் சொன்னார்: "ஆளு ஏறினதும் வண்டிய எடு. பின்னாடி எவன் கத்தினாலும் நிறுத்தாத!"

"ஆக்‌ஷன்!"

ஜோடி ஓடியது. அரிவாளோடு மாமன்கள் ஓடினார்கள். ஆகா, என்ன வேகம்! எல்லப்பனுக்குக் கண்ணே கலங்கியது. அதே வேகத்தில் மாமன்கள் ஜோடியைத் தாண்டினார்கள்.

"எங்கய்யா முன்னாடி ஓடறீங்க?"

"கல்யாணத்துல தாய்மாமன் முன்னாடி போய் நின்னு வரவேற்கோணுங்க! பின்னால போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

மூவரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஆள் ஏறியாயிற்று. பஸ் கிளம்பியது. கோகுலின் போனும் தமயந்தியின் பையும் அதே பஸ்ஸில். "நிறுத்து, நிறுத்து!" என்று இருவரும் கத்திக்கொண்டே புழுதிக்குள் ஓடினார்கள். எவன் கத்தினாலும் நிற்கக் கூடாத பஸ் நிற்கவில்லை. சூரியன் மட்டும் விழுந்தது.

எல்லப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஜான்சன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, இதப் பாருங்க. இவங்க ரெண்டு பேரும் நிஜமா பதறி ஓடினது இப்பத்தான்! பஸ்ஸு ஃபிரேம்லயே இல்ல. பஸ் ஏறாம, புழுதியில மறைஞ்சு தப்பிச்சதா வச்சுக்கலாம். நாளைக்கு மாமனுங்க மட்டும் தனியா ஓடறத எடுத்து ஒட்டிட்டா படம் முடிஞ்சுதுண்ணே!"

எல்லப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோகுல் தாராளமாக மொட்டை போடட்டும். மூன்று மாமன்கள் போதும். போனைத் தேடி எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"ஐயா, பெரியண்ணன் பேசறனுங்க. யாரோ ரெண்டு பேரு எங்கள ரொம்பத் தூரம் தொரத்தினாங்க. உங்க புண்ணியத்துல சிக்கலீங்க."

"நல்லதுய்யா, ரொம்ப நல்லது!" என்று கெஞ்சினார் எல்லப்பன். வாழ்க்கையில் அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "நாளைக்குக் காலைல நானே வண்டி கொண்டாரேன். இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

மறுமுனையில் மூவரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு பெரியண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அது எப்படிங்க சொல்றது? நாங்க ஓடிப்போனவங்களாச்சே!"