பூ வைத்த பக்கம்

"வெட்டியதெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது சாமி. வெட்டாமல் விட்டது ஒரு வரிகூட நினைவில்லை."

சொன்னவர் பேராசிரியர் சிவக்கொழுந்து. கல்லூரி ஆண்டு மலருக்கு மாணவர்கள் எழுதுவதை அச்சுக்குப் போகும் முன்னே படித்து, ஆகாததைச் சிவப்பு மையால் அடிக்கிற தணிக்கை வேலை அவருக்கு. முதல்வர் கொடுத்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மனுஷன்.

கேட்டவர் மலையடிவார மடத்துச் சாமியார். பேராசிரியரைவிட இளையவர். உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியாக எதை வெட்டினீர்?"

"விடுதியில் ஒரு பையன் இறந்துபோனான். முத்திருள் என்று பெயர். அவன் கூட்டாளி அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான்."

"எவ்வளவு மிஞ்சியது?"

"மூன்று வரி."

"மிச்ச இடம்?"

"வெறுமனே விடக் கூடாது, வெட்டியது தெரிந்துவிடும் என்றார் முதல்வர். அச்சகத்தில் பூ அச்சு கிடந்தது. வரிசையாகப் பூ வைத்து நிரப்பச் சொன்னேன்."

சாமியாரின் கை நின்றது.

"மறக்க ஒரு வழி சொல்லுங்கள் சாமி."

"வெள்ளிக்கிழமை வரை இங்கேயே இரும்."

அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் விளக்குப் போட ஒரு அம்மாள் வந்தாள். பக்கத்து ஊர் பேச்சியம்மாள். விளக்கை ஏற்றிவிட்டு, துணியில் சுற்றியிருந்த புத்தகத்தைச் சாமியாரிடம் நீட்டினாள்.

"காலேஜுல இருந்து தபால்ல வந்துச்சு சாமி. எம்மகன் முத்திருளைப் பத்தி இதுல இருக்காம். எனக்கு எழுத்துத் தெரியாது. வாசிச்சுச் சொல்லுங்க."

சாமியார் அதை வாங்கிப் பேராசிரியர் மடியில் வைத்தார்.

"இவர் அந்தக் கல்லூரி வாத்தியார். வாசிப்பார்."

பேராசிரியர் அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுத்தார்.

"'முத்திருள் எங்கள் நண்பன். நன்றாகக் கபடி ஆடுவான். அவனை மறக்க மாட்டோம்.'"

"அம்புட்டுத்தானா சார்?"

"அவ்வளவுதான் அம்மா."

அவள் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பூ போட்டிருக்கீக! அவனைத் தூக்கிட்டுப் போனப்பக்கூட இம்புட்டுப் பூ எங்களால போட முடியல. நீங்க நல்லா இருக்கணும் சார்."

பேராசிரியர் தலை நிமிரவில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தொக்கைப் பத்தி ஏதும் எழுதியிருக்காகளா?"

அவர் அந்த மூன்று வரியையே மறுபடி பார்த்தார்.

"நான் குடுத்துவிட்ட கருவாட்டுத் தொக்கு சார். அதைத் தின்னுதான் வாந்தியெடுத்துச் செத்தான்னு வார்டன் சொன்னாரு. பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருந்துச்சாம். எங்கையாலேயே எம்புள்ளைய... அன்னையிலிருந்து நான் அடுப்புப் பத்தவைக்கல. தங்கச்சி வீட்டுல வாங்கிக் குடிக்கேன்."

சாமியார் சொன்னார், "மிச்சத்தையும் வாசியும்."

"வேலை போய்விடும் சாமி."

சாமியார் குனிந்து அடுத்த புளியை எடுத்தார்.

பேராசிரியர் அந்தப் பூக்களையே பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது.

"'விடுதித் தொட்டியில் காக்கை செத்துக் கிடந்தது. தண்ணீர் நாறுகிறது என்று வார்டனிடம் சொன்னோம். வடிகட்டிக் குடியுங்கள் என்றார். எங்கள் அறையில் எல்லோருக்கும் வாந்தி. முத்திருளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கெஞ்சினோம், வண்டி தரவில்லை. அவன் அம்மா கொடுத்துவிட்ட தொக்கு டப்பாவை அவன் திறக்கவேயில்லை. பரீட்சை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று பெட்டிக்குள் வைத்திருந்தான்.'"

பேச்சியம்மாள் பூவின் மேலிருந்த கையை எடுத்தாள்.

"அப்ப எம்புள்ள அதைத் திங்கவேயில்லையா, சார்?"