திரும்பும் கூலி கேட்ட பூவாயி

முன்னொரு காலத்தில், கடல் இன்னும் உப்புக் கரிக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், பவழத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அங்கே வெளியூர் போவதென்றால் பெரும்பாடு. எந்தக் கப்பலில் ஏறிப்போகக் கூலி குறைவு என்று விசாரித்து விசாரித்தே கால் தேய்ந்துவிடும்.

ஒருநாள் கங்காளன் என்கிற மந்திரவாதி ஒரு வெண்கலப் பெட்டியோடு வந்து, கப்பல்துறையின் விளிம்பிலேயே உட்கார்ந்தான். பெட்டிக்குள் ஒன்பது மைனாக்கள். போகவேண்டிய ஊரைச் சொன்னால் போதும். அவை துறைதுறையாகப் பறந்து, கப்பல் கப்பலாக விசாரித்து, நீங்கள் வெற்றிலை மென்று துப்புவதற்குள் திரும்பிவந்து எது மலிவு என்று சொல்லிவிடும். சொல்வதற்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்து பாடும்:

"கேட்டதைச் சொல்வோம், பொய் சொல்லமாட்டோம், கேளாததை வாய்திறந்து சொல்லமாட்டோம்!"

இத்தனைக்கும் கங்காளன் ஒரு செப்புக்காசு வாங்கவில்லை. ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

ஆடாதவள் ஒருத்திதான். அவள் பெயர் பூவாயி. கருவாடு விற்கிறவள். தான் விற்கிற கருவாட்டையே மூன்று தடவை முகர்ந்து பார்க்கிறவள், ஓசியில் வருவதை நம்புவாளா? ஆனால் அவள் தம்பி வேலப்பன் நம்பிவிட்டான். எதைச் சொன்னாலும் 'அதாகப்பட்டது' என்று ஆரம்பிப்பது அவன் வழக்கம்.

"அதாகப்பட்டது அக்கா, முத்துத்தீவுக்குப் பச்சைப்பாய்க் கப்பல்ல கூலியே இல்லையாம். நான் போறேன்" என்று ஒரு துணிமூட்டையோடு கிளம்பினான்.

பத்து நாளில் வரவேண்டியவன் மூன்று மாதமாகியும் வரவில்லை. பூவாயிக்கு அவனை விட்டால் வேறு நாதி இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. தினமும் கருவாட்டுக் கூடையைக் கங்காளனுக்கு எதிரிலேயே இறக்கிவைத்து, அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பச்சைப்பாய்க் கப்பல் ஆட்களோடு போயிற்று, காலியாக வந்தது. அது வந்த மறுநாளெல்லாம் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கூடியது. ஒன்பது மைனாக்கள் இப்போது நாற்பதாகிவிட்டனவே, முட்டையும் இல்லை குஞ்சும் இல்லை, எங்கிருந்து வந்தன?

"ஊருக்கெல்லாம் சும்மா உழைக்கிறீரே ஐயா, உமக்கு இதுல என்ன லாபம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எல்லாம் ஒரு உபகாரம்தான் தாயி" என்று கங்காளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போது ஒரு செட்டியார் முத்துத்தீவுக்குப் போகக் கூலி கேட்டார். மைனாக்கள் பறந்தன, வந்தன, பாடின. பிறகு ஒரு குட்டை மைனா முன்னால் வந்து தலையைச் சாய்த்தது.

"அதாகப்பட்டது, பச்சைப்பாய்க் கப்பல்தான் மலிவு!"

பூவாயிக்கு அந்தப் பேச்சு யாருடையது என்று தெரிந்துவிட்டது. கத்தியிருப்பாள். கத்தினால் கங்காளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிடுவானே! வாயை இறுக மூடிக்கொண்டு, கூலி கேட்க வந்தவளைப் போலப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"முத்துத்தீவுக்குப் போக எது மலிவு?"

"கேட்டதைச் சொல்வோம், பொய் சொல்லமாட்டோம். பச்சைப்பாய்க் கப்பல்! கூலியே இல்லை!"

"அந்தக் கப்பல் யாரோடது?"

"கேட்டதைச் சொல்வோம், பொய் சொல்லமாட்டோம். கங்காளனுடையது!"

கூட்டம் சலசலத்தது. "சொந்தக் கப்பல் வச்சிருக்கிறது ஒரு குத்தமா?" என்று கங்காளன் சிரித்தான். அதுவும் சரிதானே என்று கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலைகளை என்ன செய்வது, சொல்லுங்கள்!

"கடைசியா ஒண்ணு. அந்தக் கப்பல்ல போனவங்க வீடு திரும்ப என்ன கூலி?"

கங்காளன் சிரிப்பு நின்றது. "பெட்டி மூடுற நேரமாச்சு" என்று எழுந்தான்.

"நான் கேட்டாச்சு ஐயா. கேட்டதைச் சொல்லணும்."

அத்தனை மாதத்தில் போகும் கூலியைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர். திரும்பும் கூலியை ஒருவரும் கேட்டதில்லை. மைனாக்களெல்லாம் பெட்டியைவிட்டு வெளியே பறந்தன. குட்டை மைனா அவள் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அதாகப்பட்டது அக்கா, போனவர்கள் நாங்கள்தான். கூலி இல்லாமல் இவனுக்கு உழைக்கிறோம். இந்தப் பெட்டி கடலில் விழுந்தால் நாங்கள் வீடு திரும்பலாம்!"

கங்காளன் பாய்ந்தான். பூவாயி அதற்குள் விட்டாள் ஒரு உதை! பெட்டி தொபுக்கடீரென்று கடலில் விழுந்து மூழ்கியது. பச்சைப்பாய்க் கப்பல் ஒரு பூவரச இலையாகச் சுருங்கி மிதந்தது. நாற்பது மைனாக்கள் நாற்பது மனிதர்களாகத் துறையில் நின்றார்கள். கங்காளன் ஒற்றை மைனாவாகிக் கப்பல் கப்பலாகப் பறந்து, "என்னை ஏற்றிக்கொள்ள என்ன கூலி?" என்று கேட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பூவாயி தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலையில் வேலப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான்.

"அதாகப்பட்டது அக்கா, சந்தைக்குப் போறேன்."

பூவாயி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"போய்ட்டு வர்றேன்" என்றான் அவன் அவசரமாக.

பவழத்துறையில் அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னபடியே திரும்பியும் வந்தார்கள். என் கதையும் கரை சேர்ந்தது. கேட்ட நீங்களும் பத்திரமாய்ப் போய் வாருங்கள்.