முதலாளி உயரம்

கோவை கணபதியில் லிஃப்டுக்கு எலக்ட்ரானிக் சர்க்யூட் கார்டு செய்கிற கம்பெனி அது. முதலாளி சென்னியப்பன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். பர்ச்சேஸ் பார்ப்பவள் வசந்தாமணி. மின்னலில் வோல்டேஜ் எகிறினால் அதைப் பிடித்து அமுக்கிக் கார்டைக் காக்கிற டையோடுக்கு அவள் ஆர்டர் எழுதியிருந்தாள். முதலாளி குதித்தார்.

"நம்ம கார்டு ஓடறது இருபத்திநாலு வோல்ட்ல. இது நாப்பத்தஞ்சுலதான் அமுக்குமா? இருபத்திநாலுலயே பிடிக்கிறதா வாங்கு. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

"ஆகட்டுங்க."

நேராக வாசலுக்குப் போனாள். "காரியப்பண்ணா, நெட்டைத் திருடன் ஒருத்தன் சுத்தறானாம். முதலாளி உயரமோ அதுக்கு மேலயோ இருக்கிற யாரையும் உள்ள விடாதீங்க. முதலாளி போட்ட கணக்கு."

வாட்ச்மேன் காரியப்பன் யோசிக்கிற ஆள் இல்லை, சொன்னதைச் செய்கிற ஆள். மதியம் வெளியே சாப்பிட்டுவிட்டு, குள்ளமான ஒரு முக்கிய வாடிக்கையாளரோடு திரும்பி வந்த சென்னியப்பனை அவர் லத்தியை நீட்டி மறித்துவிட்டார்.

"யோவ், நான்தான்யா முதலாளி!"

"உயரம் சரியா இருக்குதுங்களே."

வசந்தாமணி வந்தாள். "தினமும் வர்ற வோல்டேஜே இருபத்திநாலுங்க. அதுலயே பிடிக்கிற டையோடு, காரியப்பண்ணன் உங்களைப் பிடிச்ச மாதிரி அதையும் பிடிக்கும், சூடாகி எரிஞ்சுபோகும். நான் கேட்டது இருபத்தெட்டு வரைக்கும் சும்மா இருக்கும், மின்னல் வந்தா நாப்பத்தஞ்சுல அமுக்கும். நம்ம கார்டு அறுபது தாங்குமுங்க."

வாடிக்கையாளர் சிரித்துவிட்டார்.

"சரி, அதையே வாங்கித் தொலை! இந்தாளை வழிவிடச் சொல்லு," என்றார் சென்னியப்பன்.

"உத்தரவு உங்களுதுங்க," என்றார் காரியப்பன். "கொஞ்சம் குனிஞ்சு வந்தா விடறேனுங்க."

வாடிக்கையாளர் நிமிர்ந்து உள்ளே போனார். சென்னியப்பன் குனிந்து போனார்.