முதல் மூன்று பாட்டு

“சாமி, மாசிலாமணியை நீங்க கூப்பிட்டுக் கண்டிக்கணும்.”

அம்பலவாணர் தேசிகர்முன் மூச்சு வாங்க வந்து நின்றார். ஆற்றங்கரை மடத்தில் இருபது வருஷமாகப் பதிகம் பாடுகிறவர். தன்னைவிட இரண்டு வயது இளையவரான தேசிகரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. போன வருஷம் பாட வந்து சேர்ந்த மாசிலாமணியின் குரலைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

“என்ன பண்ணினார்?” என்று தேசிகர் கேட்டார்.

“காலைப் பூசைக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்தானா? நான் தொடங்கி மூணு பாட்டு முடிச்ச பிறகுதான் வாய் நிறைய வெத்திலையோட வரான். வாசல் ஓரமாத் துப்பிட்டு என் பக்கத்துல வந்து நிக்கிறான். வாயைத் திறந்தா…”

“திறந்தா?”

மாசிலாமணி வாயைத் திறந்தால் கூட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். சில பேர் அழவே செய்வார்கள். அம்பலவாணர் பாடும்போது அதே கூட்டம் கொட்டாவி விடும். அவன் வந்துவிட்டானா என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

“ஒழுங்கு கெடுது சாமி” என்றார். ஒழுங்கின்மேல் அவருக்கு அந்த ஒரு வருஷமாகத்தான் அவ்வளவு அக்கறை.

“கெடக்கூடாதுதான். நீரே சொல்லலாமே?”

“நானா? சண்டை வந்துடும்.”

“தன்மையாச் சொன்னா வராது. இப்ப நான்தான் மாசிலாமணி. சொல்லும், பார்ப்போம்.”

தேசிகர் வெற்றிலை அடக்கியவர் போல ஒரு கன்னத்தை உப்பிக்கொண்டார். “என்னண்ணே?”

அம்பலவாணருக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி, பூசை தொடங்கும்போதே வந்துடுங்க. வெத்திலை போட்டுக்கிட்டுப் பாட வர வேண்டாம்.”

“தப்புதான் அண்ணே. நாளைக்கே சரி பண்ணிக்கிறேன்.”

“அது மட்டும் இல்லை…”

“வேற என்னண்ணே?”

“நீ… நீ வந்ததிலேருந்து…”

“சொல்லுங்க.”

அம்பலவாணர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். எதிராளி இவ்வளவு சுலபமாகத் தப்பை ஒப்புக்கொண்டது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

தேசிகர் கன்னத்தை இறக்கினார். “நல்லாத்தான் சொன்னீர். நாலு பேர் முன்னால வேண்டாம். தனியாப் போய் இப்படியே சொல்லும்.”

மாசிலாமணி ஆற்றுப்படியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்து, ஒத்திகை பார்த்த அதே இரண்டு வாக்கியத்தை அம்பலவாணர் சொன்னார். சொல்லும்போதே உள்ளுக்குள் ஓர் ஆசை. அவன் எகிற வேண்டும். நீ யார் கேட்க என்று கத்த வேண்டும். விஷயம் தேசிகரிடம் போய், மடத்தைவிட்டே அவன் கிளம்ப வேண்டும்.

மாசிலாமணி வேட்டியைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“இத்தனை நாளா யாருமே சொல்லலையே அண்ணே! பாவம், உங்களைத் தனியாப் பாட விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

மறுநாள் விளக்கு ஏற்றுமுன்பே அவர் வந்துவிட்டார். வாய் சுத்தமாக இருந்தது. முதல் பாட்டின் முதல் அடியிலேயே அவர் குரல் எழுந்தது. அம்பலவாணரும் பாடினார். அவர் பாடியது அவர் காதிலேயே விழவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கூட்டத்தில் ஒருவர்கூட வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அம்பலவாணர் மறுபடி தேசிகர்முன் வந்து நின்றார்.

“மாசிலாமணி நேரத்துக்கு வந்துடறான் சாமி.”

“நல்லது.”

“வெத்திலையை விட்டுட்டான். குரல் முன்னைவிடத் தெளிஞ்சிருக்கு.”

“ரொம்ப நல்லது.”

“என்ன நல்லது?” அம்பலவாணர் வெடித்தார். “அவன் வர்ற வரைக்கும் அந்த மூணு பாட்டாவது என்னுதா இருந்தது. கொட்டாவி விட்டுக்கிட்டாவது என்னைக் கேட்டாங்க. நானே தேடிப் போய் அதையும் அவன் கையில கொடுத்துட்டு வந்திருக்கேன். இப்ப அவன்கிட்ட சொல்றதுக்கு ஒரு குறைகூட இல்லை. பொறாமை என்னைப் பிடுங்கித் தின்னுது சாமி. இன்னைக்காவது அவன் அசந்து தூங்கிட மாட்டானான்னு வேண்டிக்கிட்டேதான் தினம் பூசைக்கு வரேன்.”

தேசிகர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போய் மாசிலாமணிகிட்டச் சொல்லும்.”

“எதை?”

“இப்பச் சொன்னீரே, அதை. அன்னைக்குச் சொன்ன மாதிரியே, தன்மையா.”