ஐந்து அதிரசத்துக்கு எத்தனை கரும்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு உள்ளங்கால் எரிந்தது. நெருப்பை மிதித்தவர்போல இரவெல்லாம் காலை உதறிக்கொண்டு கிடந்தார். ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. வலது பெருவிரலில் செருப்புக் கடித்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை.

"இனிப்பை நிறுத்துங்கள், பிரபு" என்றார் வைத்தியர். "இல்லையென்றால் முதலில் விரல் போகும். அப்புறம் கால் போகும். அதற்கப்புறம் போவதை நான் சொல்ல மாட்டேன்."

அரசர் உதயவல்லபர் நல்லவர்தான். ஆனால் காலையில் ஐந்து அதிரசம் உள்ளே போகாமல் அவருக்குப் பொழுது விடியாது. நண்பகலில் பாயசம், மாலையில் லட்டு. சபையில் குழந்தைபோல அடம்பிடித்தார். "எனக்கு விரலும் வேண்டும், அதிரசமும் வேண்டும்!"

மடைப்பள்ளி அதிகாரி குணபத்திரர் இதற்காகவே காத்திருந்தார். கரும்பாலையில் சக்கை அள்ளிய பயல் சடையன் விகடகவி என்று அரசருக்குப் பக்கத்தில் உட்காருவது அவருக்குத் தொண்டையில் முள். "நம் சடையனால் முடியாததா, பிரபு? ஆணையிடுங்கள்" என்றார்.

அரசரும் ஆணையிட்டார். "சடையா, என் தட்டுக்கு வரும் வெல்லத்தில் ஒரு துளியும் குறையக் கூடாது. புண்ணும் ஆற வேண்டும். ஒரு மண்டலம் தருகிறேன். தவறினால் நாட்டை விட்டுப் போ."

சடையன் அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். குளம்பு அழுகிய ஆலைக்காளையை என்ன செய்வார்கள் என்று சிறுவயதில் பார்த்தவன். அன்று அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

"ஒரு துளியும் குறையாது, பிரபு. அதுவரை மடைப்பள்ளிச் சாவி என் இடுப்பில் இருக்கட்டும்."

மறுநாள் காலை தங்கத் தட்டில் இரண்டு முழுக் கரும்பு வந்தது.

"அதிரசம் எங்கே?"

"இதற்குள் இருக்கிறது, பிரபு. ஐந்து அதிரசத்துக்கு இரண்டு கரும்பின் வெல்லம் போகிறது. தங்கள் ஆணைப்படி ஒரு துளியும் குறைக்கவில்லை. அடுப்பில்தான் ஏற்றவில்லை."

அரசர் முறைத்தார். ஆனால் ஆணை அவருடையது. கடித்தார், மென்றார், துப்பினார். இரண்டு கணு முடிவதற்குள் தாடை கழன்றுவிடும்போல இருந்தது. பசியோ அடங்கவில்லை. சடையன் கேழ்வரகுக் கூழும் மோரும் கீரையும் எடுத்துவைத்தான். திட்டிக்கொண்டே சாப்பிட்டார். மூன்று வேளையும் கரும்பு வந்தது. மூன்று வேளையும் பெரும்பகுதி திரும்பிப் போனது. ஒன்பதாம் நாள் கால் எரிச்சல் கொஞ்சம் தணிந்து, அரசர் தூங்கினார்.

ஆனால் நாக்கு விடுமா? "சடையா, ஒரே ஒரு அதிரசம். யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கண் கலங்கக் கெஞ்சினார்.

சடையன் அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டான். "விரல் கேட்டுக்கொண்டிருக்கிறதே, பிரபு."

இது தெரிந்ததும் குணபத்திரர் சபையில் எழுந்தார். "எதற்குக் கடிக்க வேண்டும்? ஆலையில் ஆட்டிச் சாறாகக் குடியுங்கள், பிரபு. வெல்லமும் குறையாது, தாடையும் நோகாது."

அரசர் முகம் மலர்ந்தது. எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள்.

"ஆகட்டும். ஆனால் ஆலைக்கு ஒரு வழக்கம் உண்டு. காளை பூட்டும் தடிக்குத் தோள் கொடுத்துச் சுற்றியவன் வயிறு முட்டக் குடிக்கலாம். சுற்றாதவன் வாயில் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வருஷம் பாகு பதத்துக்கு வராது என்று ஆட்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஆலைக்குச் சொந்தக்காரரே ஆனாலும் அப்படித்தான். யோசனை சொன்னவரும் கூடவே வரட்டும்."

காளைகளை அவிழ்த்துவிட்டார்கள். தடியின் ஒரு முனையில் அரசர், மறுமுனையில் குணபத்திரர். ஐந்தாவது சுற்றில் குணபத்திரரின் தலைப்பாகை அவிழ்ந்து காலில் சுற்றியது. சக்கைக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்குத் தாகமே இல்லை, பிரபு!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது, உருளைக்குள் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த பெண் சிரட்டையில் சாறு கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கையில் மூன்று விரல்தான் இருந்தது.

"என்ன ஆயிற்று, அம்மா?"

"ஆலை தின்னுப்புட்டுது சாமி. நீங்க பட்டங் கட்டுன வருசம், தீவாளிக்கு அரமனைக்கு வெல்லம் பத்தலன்னு ராப்பகலா ஆட்டச் சொன்னாக. மூணாம் நாளு கண்ணசந்துட்டேன்." அவள் அரசரின் காலைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் வெரலு போவுமாமே? சடையன் சொல்லி அழுதான். வேணாஞ் சாமி. வெரலு இல்லாம ரொம்பக் கஸ்டம்."

"சடையன் உனக்கு..."

"எந் தம்பி. எம் பேரு காத்தாயி. இந்தச் சக்கையிலதான் போட்டு வளத்தேன்."

அரசர் சிரட்டையை அவளிடமே நீட்டினார்.

"நான் குடிக்கிறதில்ல சாமி. அன்னையிலேர்ந்து எனக்கு எறங்கல."

அரசருக்கும் இறங்கவில்லை. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் அதிரசம் கேட்கவில்லை.

மண்டலம் முடிந்தது. புண்ணில் புதுத்தோல் மூடியிருந்தது. "நோய் போகவில்லை, உட்கார்ந்திருக்கிறது. பாகு வாசனை அடித்தால் எழுந்துகொள்ளும்" என்றார் வைத்தியர். அரசர் சபை அதிரச் சிரித்தார். "என் ஆணையை மீறாமலே என்னை ஏமாற்றினாய், சடையா!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்ளும்படி குணபத்திரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

"இனி இரவில் ஆலை ஓடக் கூடாது, பிரபு."

அன்றே ஆணை போயிற்று. இன்றுவரை அந்த நாட்டில் பொழுது சாய்ந்தால் ஆலை நின்றுவிடும்.

அரசருக்குக் கால்விரல் பத்தும் மிஞ்சின. காத்தாயிக்கு அவர் இரண்டு விரல் தர வேண்டும். அதை இன்னும் தரவில்லை.