கோணங்குளத்து ஹெலிகாப்டருக்கு வால் பார்த்த கதை

கோணங்குளத்து ஆட்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அபாண்டம். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் ஒருவரிடம் "இங்கேயே இருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டால், மறு வாரம் அவரை அதே இடத்தில் தாடியோடு பார்க்கலாம். அந்த ஊர்ச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டவன் நான். அந்த நன்றிக்காகவாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சவுண்ட் சர்வீஸ் நடத்தினார்கள். மைக் செட், சீரியல் லைட், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. மூத்தவர் பொன்னுரங்கம், யோசிக்கிற வேலை அவருடையது. அவர் யோசித்ததை இருளாண்டி செய்வான். மூன்றாமவன் தவமணிக்குக் காதலிக்கிற வேலை. பக்கத்து ஊர் புளியமேட்டுச் சடையப்பன் மகள் செண்பகவல்லியை அவன் காதலித்தான். அவளுக்கும் அவன்மேல் உயிர். ஏன் என்று நானே அவளிடம் கேட்டேன். "அதான் எனக்கும் தெரியலைங்க" என்றாள்.

சடையப்பன்தான் இடைஞ்சல். போன வருடத் திருவிழாவில் தவமணி கட்டிய சீரியல் லைட் மயில் ஒன்று மெதுவாகச் சாய்ந்து, அத்தனை பேரை விட்டுவிட்டு, அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பையனைக் கண்டாலே ஆகாது.

இந்த வருடம் கோணங்குளத்து அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். புளியமேட்டில் கும்பாபிஷேகம் நடந்தபோது நிஜ ஹெலிகாப்டர் வந்து பூப்போட்டது. நாமும் போடுவோம் என்று கோணங்குளத்துக் கமிட்டி நோட்டீஸ் அடித்துவிட்டது. பொறுப்பைச் சவுண்ட் சர்வீஸிடம் விட்டார்கள். ரிமோட்டில் ஓடுகிற குட்டி ஹெலிகாப்டர் போதும் என்று பொன்னுரங்கம் யோசித்தார்.

நோட்டீஸைப் படித்த சடையப்பன் நேரே வந்தார்.

"தவமணி, ஒரு மயிலை நேரா நிறுத்தத் தெரியாத பய நீ. உன் ஹெலிகாப்டர் கோபுரத்துக்கு மேல ஒரு சுத்துகூடச் சுத்தாம, நேரா நின்னு பூப்போடட்டும். என் கண்ணால பாத்துட்டேன்னா என் பொண்ணு உனக்கு. சுத்துச்சுன்னா, வைகாசியிலயே வேற மாப்பிள்ளை."

தவமணி அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே பொம்மை ஹெலிகாப்டர் விற்கிற கடைக்காரர் பொறுமையான மனிதர். ஒரு முழ நீளத்தில் மூன்று ஹெலிகாப்டர்களை மேஜையில் வைத்தார்.

"மேல இருக்கிற பெரிய விசிறி ஒரு பக்கமா சுத்துதா? அப்ப உடம்பு எதிர்ப்பக்கமா சுத்தப் பாக்கும். அதைச் சுத்த விடாம நிறுத்துறதுதான் வால்ல இருக்கிற குட்டி விசிறி."

"ஈ ஓட்டுறதுக்குன்னுல்ல நெனச்சேன்," என்றான் இருளாண்டி.

"அந்தக் குட்டி விசிறியை எது சுத்த வைக்குதுங்கிறதுலதான் மூணும் வேற வேற. இது பெல்ட்டு. இது சுத்துற இரும்புத் தண்டு. இதுக்கு வால்லயே தனி மோட்டாரு. பெல்ட்டுன்னா விழுந்தாலும் பெல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. தண்டுன்னா கையில புடிச்சு வச்ச மாதிரி நேரா நிக்கும், ஆனா வால் தரையில படக்கூடாது, பட்டா உள்ள பல்சக்கரத்துல பல்லு போயிடும். தனி மோட்டாருன்னா வேலை சுலபம், ஆனா காத்து அடிச்சா வால் நிக்காது. மூணையும் கொண்டுபோய் நீங்களே சோதிச்சுப் பாருங்க."

பொன்னுரங்கம் ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

முதல் சோதனை பெல்ட்டுக்கு. இருளாண்டி அதைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏறினான்.

"அண்ணே, ஓட விட்டுப் போடவா, சும்மா போடவா?"

பொன்னுரங்கம் நோட்டைப் பார்த்தார். "விழுந்தாலும்னுதான் இருக்கு. சும்மா போடு."

போட்டான். மூவரும் போய்க் குனிந்து பார்த்தார்கள். பெரிய விசிறி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. மோட்டார் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கிடந்தது. மற்றதெல்லாம் சிமெண்டில் சிதறிக் கிடந்தது. நடுவில் பெல்ட் மட்டும் பளபளவென்று முழுசாகக் கிடந்தது.

"பெல்ட்டுக்கு ஒண்ணுமே ஆகலைண்ணே!"

"நல்ல மனுசன். சொன்னா சொன்னபடி இருக்கு," என்று பொன்னுரங்கம் நோட்டில் தேர்ச்சி என்று எழுதினார். "ஆனா இதைப் பறக்க விட முடியுமா?"

"முடியாதுண்ணே. பறக்கறதுக்கு மத்ததெல்லாம் வேணுமாம்."

இருளாண்டி பெல்ட்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். இன்றைக்கும் அவன் கையில் இருக்கிறது.

அடுத்தது தண்டு. வால் தரையில் படக்கூடாது அல்லவா? அதனால் அதை யாரும் கீழேயே வைக்கவில்லை. முறை வைத்துக்கொண்டு கையிலேயே வைத்திருந்தார்கள். இருளாண்டி குளிக்கும்போது தவமணி வாங்கிக்கொள்வான். தவமணி சாப்பிடும்போது பொன்னுரங்கம் வாங்கிக்கொள்வார். பொன்னுரங்கத்தின் மனைவி, "பெத்த புள்ளைய ஒரு நாள் இப்படித் தூக்கியிருப்பீங்களா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது.

மூன்றாம் நாள் கண்மாய்க்கரையில் அதைப் பறக்க விட்டார்கள். அடடா! ஆணி அடித்த மாதிரி ஆகாயத்தில் நின்றது. தவமணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. செண்பகவல்லி கழுத்தில் தாலியே ஏறிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"எறக்குடா," என்றார் பொன்னுரங்கம்.

"எறக்கினா வால் தரையில பட்டுருமேண்ணே."

மூவரும் அண்ணாந்து பார்த்தபடி யோசித்தார்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

"வால்தானே படக்கூடாது? மூக்கு படலாம்னுதானே அர்த்தம்?" என்றார் பொன்னுரங்கம். "குப்புற எறக்கு."

தவமணி குப்புற இறக்கினான். வால் தரையில் படவே இல்லை. கரையில் செங்குத்தாக நின்றது, நட்டு வைத்த ஊதுபத்தி மாதிரி. வாலைத் தவிர வேறு எதுவும் அதற்குப் பிறகு உபயோகப்படவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்று. கும்பாபிஷேகத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

தனி மோட்டார்க்காரன் சமர்த்தாகத்தான் கிளம்பினான். கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்ததும் வால் தோற்றுப்போய், ஹெலிகாப்டர் அந்தரத்தில் அப்படியே இடது பக்கமாக, நிதானமாக, குடைராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. தவமணி ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான்.

"அழாதடா," என்றார் பொன்னுரங்கம். அவர் தானும் ஹெலிகாப்டரைப் பார்த்தபடியே அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். திடீரென்று கத்தினார். "நின்னுருச்சு! டேய், நின்னுருச்சு!"

"இல்லைண்ணே, சுத்துது."

"நீ நிக்கிற, அதான் சுத்துது. எங்கூட நடந்து வா!"

மூவரும் அது சுற்றும் பக்கமாகவே, அதே வேகத்தில் சுற்றினார்கள். என்ன ஆச்சரியம்! எத்தனை சுற்று போனாலும் ஹெலிகாப்டரின் மூக்கு இவர்களையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"இவ்வளவுதானா சங்கதி!" என்றான் இருளாண்டி. "வால்ல கோளாறே இல்லைண்ணே. நாமதான் நின்னுக்கிட்டே இருந்துட்டோம்."

காற்றுக்கும் வழி செய்தார்கள். காற்று வருவதே மரம் ஆடுவதால்தான் என்று இருளாண்டி கண்டுபிடித்து, கோயில் வேம்பின் கிளைகளைச் சீரியல் லைட் ஒயரால் இழுத்துக் கட்டினான். ஊரில் ஒரு வீட்டிலும் ஃபேன் போடக் கூடாது என்று மைக்கில் சொன்னார்கள். ஆனாலும் மிச்சக் காற்று கொஞ்சம் எங்காவது ஒளிந்திருக்கலாம். அதனால் ஜனங்களைச் சுற்ற வைக்கக் குருக்களிடம் முதல் நாளே உத்தரவு கேட்கப் போனார்கள்.

"சுத்தட்டும், பேஷா சுத்தட்டும்," என்றார் குருக்கள். "பிரதட்சணம்தானே?"

"இல்லீங்க சாமி. ஹெலிகாப்டர் இடப்பக்கமா சுத்துது. அதனால ஜனமும் இடப்பக்கமா..."

"அப்பிரதட்சணமா! கும்பாபிஷேகத்தன்னிக்கா! அபசாரம்!"

தவமணியின் முகம் செத்துவிட்டது. பொன்னுரங்கம் கண்ணை மூடி யோசித்துத் திறந்தார்.

"சாமி, ஜனங்க பிரதட்சணத்துக்கு நிக்கிற மாதிரியே நிக்கட்டும். முகம் வலம் போற பக்கமே பாக்கட்டும். கால் மட்டும் பின்னால போகட்டும்."

குருக்களும் கோணங்குளத்துக்காரர்தான். சாஸ்திரத்தை மனசுக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "அம்மன் முகத்தைத்தான் பார்ப்பாள். காலைப் பார்க்க மாட்டாள்," என்று அனுமதி கொடுத்தார்.

கும்பாபிஷேகத்தன்று ஊரே கொள்ளாத கூட்டம். ஹெலிகாப்டரின் வயிற்றில் ஒரு துணிப்பை, அதில் சம்பங்கியும் அரளியும். கோபுரத்துக்கு மேலே போய்ச் சரியாக நின்றது. சடையப்பன் இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். செண்பகவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கலசத்தில் தீர்த்தம் விழுந்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூவித் துண்டை வீசினார்கள்.

அந்தத் துண்டுகளைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. எழுந்த காற்றில் வால் ஆட்டம் கண்டது. ஹெலிகாப்டர் சுற்றப் போகிறது என்று தெரிந்தது.

"பக்தகோடிப் பெருமக்களே!" என்று குழாய் ஸ்பீக்கரில் பொன்னுரங்கத்தின் குரல் அலறியது. "எல்லாரும் வலம் வர்ற பக்கமா திரும்பி, ஹெலிகாப்டர் மேல ஒரு கண்ணு வச்சு, பின்பக்கமாவே நடங்க!"

கோணங்குளம் அல்லவா? ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயிரம் பேர் பின்னோக்கி நடந்தார்கள். குழந்தைகள், கிழவர்கள், பலூன்காரர், எம்எல்ஏவுக்காக மாலையோடு நின்றவர், எல்லாரும். தவமணி ரிமோட்டோடு நடந்தான். சடையப்பனைக் கூட்டம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவரும் வேறு வழியில்லாமல் அண்ணாந்தபடி பின்னோக்கியே போனார். ஏழு சுற்று போனார். எட்டாவதில் பூப்பை தானே கவிழ்ந்தது. சுற்றுகிற வேகத்தில் பூ கோபுரத்தை விட்டு நாலா பக்கமும் சிதறி, கூட்டத்தின் மேலேயே வட்டமாகக் கொட்டியது. கலசத்தில் ஒரு பூ விழவில்லை. சடையப்பன் தலையில் ஒரு கைப்பிடி விழுந்தது.

கோயிலுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்த நான், ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றியதைப் பார்த்தேன். சடையப்பனோ தவமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"ஒரு இம்மி அசையலையே மாப்பிள! கோபுரம் சுத்துச்சு, கொடிமரம் சுத்துச்சு, எனக்குத் தலையே சுத்துச்சு. உன் ஹெலிகாப்டர் மட்டும் நேரா நின்னுச்சே! என் பொண்ணு உனக்குத்தான்!"

வைகாசியில் கல்யாணம். அதே குருக்கள், அதே மைக் செட். தாலி கட்டியாயிற்று. இனி அக்கினியை மூன்று தடவை சுற்றி வர வேண்டியதுதான் பாக்கி. அப்போது சடையப்பன் வந்து பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்தார்.

"பொன்னுரங்கம், எனக்கு ஒரே புள்ள. அது சுத்தும்போது முதுகுதான் தெரியுமாம். அதோட முகத்தை நான் ஒரு கணம்கூட விடாம பாக்கணும்."

"அவ்வளவுதானே?" என்று பொன்னுரங்கம் மைக்கை எடுத்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! மாப்பிள்ளையும் பொண்ணும் சுத்துற பக்கமே, அதே வேகத்துல, எல்லாரும் மணவறையைச் சுத்தி வாங்க!"

கல்யாணத்துக்கு வந்திருந்த முந்நூறு பேரும் எழுந்து சுற்றினார்கள். மந்திரத்தை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று குருக்களும் புத்தகத்தோடு கூடவே சுற்றினார். சடையப்பன் மகள் முகத்தைக் கண் நிறையப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் குருக்கள் கோபமாக நிமிர்ந்தார். "ஏன் ரெண்டு பேரும் அங்கேயே நிக்கறேள்? சுத்துங்கோ! ராகுகாலம் வந்துடப் போறது!"

"சுத்திக்கிட்டுத்தானே சாமி இருக்கோம்," என்றான் தவமணி மூச்சு வாங்க.

"எங்கே சுத்தறேள்? நான் பார்த்துண்டேதானே இருக்கேன்! பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி என் எதிர்லயே நிக்கறேளே!"

"மாமா, காலு கடுக்குது," என்றாள் செண்பகவல்லி. "இது எத்தனாவது சுத்து?"

"இன்னும் ஒண்ணுகூட ஆரம்பிக்கலையாம் புள்ள," என்றான் தவமணி.

பந்தியில் நான் ஒருவன்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை. மூன்று மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, குழாய் ஸ்பீக்கரில் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது. "மாப்பிள்ளையும் பொண்ணும் இன்னும் நின்ன இடத்துலேயே நிக்கிறதா குருக்கள் வருத்தப்படுறாரு. தயவுசெஞ்சு யாரும் நிறுத்திடாதீங்க, எல்லாருமா சேந்து இன்னும் கொஞ்சம் வேகமா சுத்துங்க!"