செம்பருத்தியைத் தின்றது யார்?

முன்னொரு காலத்தில் செவ்வந்திபுரம் என்ற நாட்டைத் தீரவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். மனசு நல்ல மனசுதான். ஆனால் பலகாரம் சாப்பிடும் முன் ஒரு சட்டம் போடுவார், சாப்பிட்டுக் கை கழுவியதும் வேறொரு சட்டம் போடுவார்.

அந்த ஊர் அம்மனுக்கு ஆடிப்பூரத்தன்று அரண்மனை நந்தவனத்துச் செம்பருத்தியில்தான் மாலை சாத்துவார்கள். பூவைப் பறித்துக் கட்டுகிறவள் காத்தாயி. புருஷனை இழந்தவள். இரண்டு பெண் குழந்தைகளோடு நந்தவனத்துக் குடிசையிலேயே இருந்து செடிகளையும் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருஷம் செம்பருத்திக்கு என்ன வந்ததோ, கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது. மொட்டு விரியாமலே உதிர்ந்தது. இலையைத் தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டியது. ராஜா தினமும் காலையில் வந்து செடியைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் வாடிப் போவார்.

சபையில் தாண்டவராயர் என்று ஒருவர் இருந்தார். அமைச்சர் அறவாழியைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதோடு, நந்தவன வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித் தரவேண்டும் என்று வெகுநாளாக ஒரு கண். அவர் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, கள்வர்களைப் பிடித்துவிட்டேன். பாருங்கள், சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த வண்டுகள். அவற்றோடு முதலை மாதிரி கறுப்பாக ஊர்கிற புழுக்கள். வாடிய செடியில்தான் இவை கூட்டமாக இருந்தன. இதைக்கூடப் பார்க்காமல் காத்தாயி என்ன காவல் காத்தாளாம்?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டுகளை நெருப்பில் போடுங்கள். காத்தாயி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இன்றே நந்தவனத்தை விட்டுப் போகட்டும்."

காத்தாயி கைகூப்பி நின்றாள். "சாமி, மழைக்காலம் வருது. இந்தப் பிள்ளைகளோட நான் எங்க போவேன்?"

அறவாழி மெல்ல எழுந்தார். "மகாராஜா, வாடிய செடிமேல் இருந்தார்கள் என்பதுதானே இந்தப் பானைக் கள்வர்கள் செய்த குற்றம்?"

"வேறென்ன வேண்டும்?" என்றார் தாண்டவராயர்.

"அப்படியானால் இன்னொரு கள்வனும் இருக்கிறான். தினமும் காலையில் அந்தச் செடியண்டை வருகிறான். ஒவ்வொரு இலையாகத் தடவுகிறான். மறுநாள் பார்த்தால் செடி இன்னும் வாடியிருக்கிறது. நானே கண்ணால் பார்த்தேன்."

"யார் அவன்? இழுத்து வாருங்கள்" என்றார் ராஜா.

"இழுத்து வர எனக்குத் துணிச்சல் இல்லை, மகாராஜா. அவர் சிம்மாசனத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்."

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா, அமைச்சர் மகாராஜாவையே கள்வன் என்கிறார்."

"நான் எங்கே சொன்னேன்? உங்கள் நியாயம் சொல்கிறது" என்றார் அறவாழி.

ராஜா மீசையைத் தடவினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் செடியைத் தின்னவில்லை ஐயா. என்ன ஆச்சோ என்று பார்க்கத்தான் போனேன்."

"வண்டும் எதற்குப் போனது என்று விசாரித்துவிடலாமே, மகாராஜா. அதுவரை காத்தாயி இருக்கட்டும்."

ராஜா சரி என்றார். ஒரே மாதிரி வாடிய இரண்டு செம்பருத்தித் தொட்டிகள் சபைக்கு வந்தன. கொழுந்தின் அடியில் பச்சை நிறத்தில், கடுகைவிடச் சிறியதாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. தண்டில் எறும்புகள் ஏறி இறங்கின.

"எறும்பு இருக்கட்டும். பாவம், உழைக்கிற ஜாதி. செடியைச் சுத்தம் செய்கிறது" என்றார் தாண்டவராயர்.

"அப்படியே ஆகட்டும். ஒரு தொட்டியை எறும்புக்கே விட்டுவிடுவோம். மற்றதில் எறும்பைத் தட்டிவிட்டு உங்கள் கள்வர்களை விடுவோம். மெல்லிய மல் துணியால் மூடி நீங்களே முடிச்சுப் போடுங்கள்" என்றார் அறவாழி.

தாண்டவராயர் இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டார். தொட்டிகளை விட்டு அவர் நகரவே இல்லை. சாப்பாடுகூட அங்கேயே வந்தது.

சில நாள் கழித்து ராஜா முன்னால் துணியை அவிழ்த்தார்கள். எறும்புத் தொட்டியில் இலையெல்லாம் கரி பூசின மாதிரி இருந்தது. வண்டுத் தொட்டியிலோ பச்சைப்பூச்சி ஒன்றைக்கூடக் காணோம். நுனியில் புதுக் கொழுந்து தலைநீட்டியிருந்தது. எந்த இலையிலும் ஒரு ஓட்டைகூட இல்லை.

"மகாராஜா, செடியின் சாற்றைக் குடித்தது இந்தப் பச்சைப்பூச்சி. அசுவினி என்பார்கள். வண்டும், அதன் குஞ்சான அந்தக் கறுப்புப் புழுவும் அதைத் தின்னத்தான் வந்தன. ஒன்று அழகு, ஒன்று அவலட்சணம். இரண்டுமே நம் காவல்காரர்கள்" என்றார் அறவாழி.

"எறும்பு?" என்று கேட்டார் ராஜா.

"அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக அதற்குக் காவல் நிற்கிறது. அந்த நீரில் பூஞ்சை படர்ந்துதான் இலை கரி பூசின மாதிரி ஆனது. வண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது. தனக்கு வேண்டியது கிடைத்தால் போதும், செடி என்ன ஆனால் என்ன?"

சபை முழுக்கத் தாண்டவராயரைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய மச்சினன் மெல்லத் தூண் மறைவுக்குப் போனான்.

"தூணை விட்டு வெளியே வா அப்பா" என்றார் ராஜா. "நந்தவன வேலைதானே உனக்கு வேண்டும்? தந்தேன். காத்தாயி சொல்கிறபடி நீயும் உன் அத்தானும் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்."

பூச்சி இன்னதென்று தெரிந்ததும் காத்தாயி வேலை வாங்கினாள் பாருங்கள். சுருண்ட கொழுந்தைக் கிள்ளிக் குழியில் புதைக்கச் சொன்னாள். எறும்பு ஏறாதபடி செடியைச் சுற்றிச் சாம்பல் தூவ வைத்தாள். வேப்பங்கொட்டையை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் பூந்திக்கொட்டை நுரை சேர்த்து, வண்டு இல்லாத செடியாகப் பார்த்து வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வைத்தாள்.

"ராயரே, அந்த இலைக்கு அடிப்பக்கமும் இருக்குங்க" என்பாள். ராயர் குனிவார். பானையிலிருந்த வண்டுகளையெல்லாம் அவர் கையாலேயே செடிகளில் விட்டார்கள்.

அம்மன் கண் திறந்தாள். ஆடிப்பூரத்தன்று தாயின் கழுத்து நிறையச் செம்பருத்தி மாலை. காத்தாயி குழந்தைகளோடு முன்வரிசையில் நின்றாள். அப்போது மாலைக்குள்ளிருந்து ஒரு பொட்டு வண்டு ஊர்ந்து வெளியே வந்தது. குருக்கள் அதைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"இருக்கட்டும் சாமி" என்றார் ராஜா. "அவர் உத்தியோகமாக வந்திருக்கிறார்."